நகர மன்றமும் எடைக்கூடமும்: குரெஸ்ஸாரேயின் மையச் சதுக்கத்தை எப்படிப் பார்ப்பது

எஸ்தோனியாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பால்டிக் கடலில் கிடக்கும் சாரேமா தீவின் ஒரே நகரம் குரெஸ்ஸாரே. ஏறத்தாழ 13,000 பேர் வாழும் இந்தச் சிறு நகரத்துக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் நேராகக் கடற்கரையோரம் நிற்கும் கோட்டைக்குத்தான் போகிறார்கள். அதில் வியப்பில்லை. 14ஆம் நூற்றாண்டில் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், கட்டிய அந்தக் கோட்டை, பால்டிக் நாடுகளில் இடைக்கால வடிவம் குலையாமல் எஞ்சியிருக்கும் கோட்டைகளுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கது. ஆனால் கோட்டையைப் பார்த்துவிட்டு, வழியில் கிடக்கும் மையச் சதுக்கத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அந்த நகரத்தின் வரலாற்றில் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆகிறார்கள். கோட்டை, ஆண்டவர்களின் இடம். சதுக்கமோ, ஆளப்பட்ட ஊர் தனக்கென்று கொஞ்சம் உரிமையைப் பெற்று, அதைக் கல்லில் கட்டி, ஆட்சிகள் மாறமாற விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இடம்.

சதுக்கம் என்று சொல்கிறோமே தவிர, நான்கு பக்கமும் அளந்து வெட்டிய சதுரத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. தீவின் உட்பகுதியிலிருந்து வரும் சாலையும் கோட்டையிலிருந்து வரும் தெருவும் சரக்குகள் வந்திறங்கும் தெருக்களும் சந்திக்கும் இடத்தில் தெரு அகன்று வெளியானதுதான் இந்தச் சதுக்கம். இத்தாலிய நகரங்களின் பெருவெளிகளையோ, தலைநகர் தாலினின் நகர மன்றச் சதுக்கத்தையோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மிகச் சிறியதாகத் தெரியும். இங்கே பார்க்க வேண்டியது பரப்பளவை அன்று. இரண்டு கட்டடங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் முறையை. ஒரு பக்கம் நகர மன்றம், மறுபக்கம் எடைக்கூடம். இரண்டும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டும் ஒரே தலைமுறைக்குள் எழுந்தவை. இந்த இணை ஏன் உருவானது என்பது விளங்கினால் சதுக்கம் விளங்கிவிடும்.

அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னே போக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சிலுவைப் போராளிகள் தீவை வென்ற பிறகு, சாரேமாவும் அதை ஒட்டிய நிலக்கரைப் பகுதியும் ஓர் ஆயரின் ஆட்சிக்கு உட்பட்டன. ஆயரின் கோட்டைக்கு அருகே வணிகர்களும் கைவினைஞர்களும் குடியேறி ஒரு சிற்றூர் வளர்ந்தது. ஆனால் அது ஆயரின் நிழலில் வாழ்ந்த ஊர். தனக்கென்று நீதிமன்றமோ சந்தை உரிமையோ கொண்ட நகரம் அன்று. 1558இல் ருஷ்யாவின் நான்காம் இவான், இன்றைய எஸ்தோனியாவும் லாத்வியாவும் அடங்கிய லிவோனியாமீது படையெடுத்தபோது அந்தப் பழைய அமைப்பு முழுவதும் ஆட்டம் கண்டது. அடுத்த ஆண்டே, 1559இல், கடைசி ஆயரான யோஹான்னஸ் ஃபொன் மூன்ஹவுசன் தன் ஆயர் நிலத்தை 30,000 தாலர் வெள்ளிக்கு டென்மார்க் மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கிடம் விற்றுவிட்டார். ஒரு திருச்சபைப் பகுதியையே அரசருக்கு விலைபேசிக் கொடுத்த இந்த நிகழ்ச்சி, அந்தக் காலத்தில் அச்சம் எந்த அளவுக்கு ஊன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது. மன்னர் அதைத் தன் தம்பி மாக்னுஸுக்குப் பாகப் பங்காகக் கொடுத்தார். 1560இல் சாரேமாவில் வந்திறங்கிய மாக்னுஸுக்கு அப்போது இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

மாக்னுஸின் வாழ்க்கை பொதுவாகத் தோல்விக் கதையாகவே எழுதப்படுகிறது. பேராசை மிகுந்து, 1570இல் நான்காம் இவானின் கீழ் லிவோனியாவின் அரசர் என்று பட்டம் சூட்டிக்கொண்டார். அந்தப் பட்டம் அவருக்கு ஒரு நாட்டையும் தந்துவிடவில்லை. 1583இல், இன்றைய மேற்கு லாத்வியாவான கூர்லாந்தில் இறந்தார். ஆனால் குரெஸ்ஸாரேயைப் பொறுத்தவரை அவர் செய்த ஒரு செயல் நிலைத்துவிட்டது. 1563 மே மாதத்தில், ரீகா நகரத்தின் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, இந்த ஊருக்கு நகர உரிமைப் பட்டயத்தை அவர் வழங்கினார்.

அந்தப் பட்டயம் தாளில் எழுதிய ஒரு கௌரவம் மட்டும் அன்று. பால்டிக் கரையோர நகரங்களில் நகர உரிமை என்பது மிகத் தெளிவான சில அதிகாரங்களின் தொகுப்பு. நகரத்தார் தங்களுக்குள்ளிருந்து ஒரு மன்றத்தை அமைத்துக்கொள்ளலாம். அந்த மன்றம் நகர எல்லைக்குள் நடக்கும் வழக்குகளை விசாரிக்கும். சந்தை எப்போது, எங்கே கூட வேண்டும் என்று அது முடிவு செய்யும். கைவினைஞர் சங்கங்களை அங்கீகரிக்கும். எடையும் அளவும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும். அதற்குக் கட்டணம் வாங்கும். இந்தக் கடைசி அதிகாரம் மேலோட்டமாகப் பார்த்தால் சில்லறை வேலையாகத் தோன்றும். உண்மையில் மற்ற அதிகாரங்களுக்குப் பணம் தந்தது இதுவே. சொந்த வருவாய் இல்லாத மன்றம் கோட்டையின் தயவில்தான் நடந்திருக்க முடியும்.

பட்டயம் கிடைத்தும் அதற்கேற்ற கட்டடம் எழ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. இடையில் டென்மார்க்கின் நேரடி ஆட்சி வந்தது. 1645இல் பிரோம்செப்ரோ உடன்படிக்கையின்படி தீவு ஸ்வீடனின் கைக்கு மாறியது. ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா 1648இல் குரெஸ்ஸாரேயையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் தன் நம்பிக்கைக்குரிய மாக்னுஸ் கப்ரியேல் டெ லா கார்டிக்குக் கொடுத்தார். அந்தக் காலத்து ஸ்வீடனின் மிகப் பெரிய செல்வர்களுள் ஒருவர் இவர். கட்டடங்களிலும் நூல்களிலும் பெரும் பற்று உடையவர். ஆறாம் நூற்றாண்டில் வெள்ளி மையால் எழுதப்பட்ட கோத்திய மொழி விவிலியப் பிரதியை 1669இல் உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு வழங்கியவரும் இவரே. குரெஸ்ஸாரேயின் நகர மன்றக் கட்டட வேலை 1654இல் தொடங்கியது இவருடைய முனைப்பால்தான். 1670இல் அது முற்றுப்பெற்றது.

அந்த 1654ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு கிறிஸ்டினா முடிதுறந்தார். பிறகு கத்தோலிக்க சமயத்தைத் தழுவி ரோமுக்குச் சென்று, 1689இல் இறக்கும்வரை பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தார். முடிதுறந்த அரசியின் செலவுக்கென்று சில பகுதிகளின் வருவாய் ஒதுக்கப்பட்டது. அவற்றுள் சாரேமாவும் ஒன்று. லூத்தரன் தீவு ஒன்றின் உழவர்கள் விளைவித்த பார்லியும் ரை என்னும் தானியமும் ஈட்டிய வருவாய், ரோமில் ஓவியங்களையும் இசைக் கலைஞர்களையும் ஆதரித்துக்கொண்டிருந்த ஒரு முன்னாள் அரசிக்குப் போய்ச் சேர்ந்தது. சதுக்கத்தின் இரு கட்டடங்களும் எழுந்தது இந்தச் சூழலில்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த எளிய சுவர்களின் முன்னால் நிற்கும் உணர்வே மாறிவிடுகிறது.

நகர மன்றம் ஆடம்பரமான கட்டடம் அன்று. பரோக் பாணி என்று வகைப்படுத்தினாலும், தெற்கு ஐரோப்பாவின் பரோக்கில் காணும் வளைவும் நெளிவும் பொன்முலாமும் இங்கே கிடையா. தடித்த சுவர்கள், ஒழுங்கான சாளர வரிசை, உயர்ந்த கூரை, அவ்வளவுதான். அலங்காரம் முழுவதையும் வாயிலில் குவித்திருக்கிறார்கள். செதுக்கிய கல்லாலான வாயிற்சட்டம், கட்டி முடித்த ஆண்டைத் தாங்கி நிற்கிறது. சுவரின் வெறுமையும் வாயிலின் செறிவும் அருகருகே இருப்பதால், உள்ளே நுழைகிறவரின் கண் தானாகவே கதவுக்குப் போய்விடுகிறது. வழக்குக்கு வருகிறவரும் வரி கட்ட வருகிறவரும் உறுதிமொழி எடுக்க வருகிறவரும் அந்தக் கதவின் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், சிக்கனமான ஊர் தன் பணத்தை அங்கே செலவிட்டது நியாயமே.

அந்தக் கல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குரெஸ்ஸாரேயின் கோட்டை, வாயிற்சட்டங்கள், படிகள், கல்லறைகள் எல்லாவற்றிலும் சாம்பல் நிற டோலமைட் கல்லைக் காணலாம். தீவிலேயே, நகரத்துக்கு வடக்கே கார்மா என்ற இடத்தைச் சுற்றி, அது நெடுங்காலமாக வெட்டியெடுக்கப்படுகிறது. அறுக்கவும் செதுக்கவும் ஏற்ற மென்மை அதற்கு உண்டு. அதனாலேயே தச்சர்களுக்கு நிகரான கைத்திறமுள்ள கல்தச்சர்கள் தீவில் உருவானார்கள். அருகே சென்று பார்த்தால் சாம்பல் நிறம் ஒரே சீராக இல்லை என்பது தெரியும். மஞ்சள் கலந்த பட்டைகளும், ஒரு காலத்தில் அந்தப் பகுதி ஆழமற்ற வெப்பக் கடலாக இருந்ததை நினைவூட்டும் நுண்ணிய துளைகளும் அதில் உண்டு. மழையில் நனைந்தால் கல் கருத்துவிடும். வெயில் பட்டதும் சில மணி நேரத்தில் வெளிறிவிடும். ஆகவே ஒரே கட்டடத்தைக் காலையிலும் மாலையிலும் பார்க்கிறவருக்கு அது இரண்டு நிறமாகத் தெரிவதுண்டு.

எதிரே நிற்கும் எடைக்கூடம் 1663இல் கட்டப்பட்டது. நகர மன்றத்தைவிடச் சிறியது. ஆனால் கண்ணை முதலில் இழுப்பது இதுதான். அதன் முகப்புச் சுவர் இரு பக்கமும் படிப்படியாக ஏறி உச்சியில் கூடுகிறது. நெதர்லாந்திலும் வடஜெர்மனியிலும் பரவியிருந்த இந்த முகப்பு வடிவம், வணிகக் கப்பல்கள் சென்ற வழியெல்லாம் பால்டிக் கரை முழுவதும் பரவியது. எடைக்கூடங்கள் வடஐரோப்பிய வணிக நகரங்களில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தவை. தாலினின் நகர மன்றச் சதுக்கத்திலும் ஒன்று இருந்தது. 1944 மார்ச் மாத வான்குண்டு வீச்சில் அது சிதைந்து, பின்னர் அகற்றப்பட்டது. இன்று பால்டிக் நாடுகளில் அந்த வகைக் கட்டடம் தன் இடத்திலேயே எஞ்சி நிற்பது குரெஸ்ஸாரேயில்தான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

எடைக்கூடம் எப்படி இயங்கியது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பார்ப்பது, வெறும் சுவரைப் பார்ப்பதே ஆகும். உத்தரத்திலிருந்து இரும்புக் கொக்கியில் ஒரு பெரிய தராசுக்கோல் தொங்கும். அதன் இரு முனைகளிலும் சங்கிலிகளில் பலகைத் தட்டுகள் தாழத் தொங்கும். மூட்டையையோ பீப்பாயையோ தூக்காமல் உருட்டியே ஏற்றிவிட வேண்டும் என்பதால் அவை தரையை ஒட்டி இருக்கும். ஒரு தட்டில் சரக்கு, மறு தட்டில் நகர முத்திரை பதித்த எடைக்கற்கள். மொத்தச் சரக்குக்கு அளவாக இருந்தது கப்பல் பவுண்டு. அது 400 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 170 கிலோ. அதில் இருபதில் ஒரு பங்கு அடுத்த சிறு அளவு. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சரக்கை வணிகர் தன் வீட்டுத் தராசில் நிறுத்து விற்கக் கூடாது; பொதுத் தராசுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்பதுதான் இத்தகைய நகரங்களின் பொது விதி. மன்றத்திடம் உறுதிமொழி எடுத்துக்கொண்ட எடையாளர் ஒருவர் முள் நேராக நிற்பதைப் பார்த்து, எடையை ஏட்டில் பதிவார். கட்டணத்தை வாங்கிக்கொண்ட பிறகே சரக்கு வெளியே போகும்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கு என்ன கிடைத்தது? வெளியூர் வணிகருக்கு நம்பகமான எடை கிடைத்தது; ரீகாவிலோ லூபெக்கிலோ அந்த எடை செல்லுபடியாகும் என்ற உறுதி கிடைத்தது. நகரத்துக்கு வருவாயும், தன் எல்லைக்குள் எவ்வளவு சரக்கு புழங்குகிறது என்ற கணக்கும் கிடைத்தன. இந்தக் கணக்கு வரியைவிட மதிப்புடையது. எந்த வணிகர் வளர்கிறார், எந்த ஆண்டு விளைச்சல் பொய்த்தது, துறைமுகத்துக்கு என்ன போகிறது என்பதையெல்லாம் எதிர்ப்பக்கத்து மன்றத்தார் படியிறங்கி நடந்து வந்தே தெரிந்துகொள்ள முடிந்தது. சட்டம் சொல்கிற இடமும் சரக்கு நிறுக்கிற இடமும் கூப்பிடு தொலைவில் இருந்தது தற்செயல் அன்று. தராசில் தகராறு வந்தால் வழக்கு எதிரே போகும். எதிரே தீர்ப்பானால் அபராதத்தைப் பண்டமாகவே இங்கே நிறுத்துக் கொடுக்கலாம். வடஐரோப்பியச் சிறு நகரம் என்னும் இயந்திரத்தின் இரண்டு பற்சக்கரங்கள் இங்கே கழற்றப்படாமல் நேருக்கு நேர் நிற்கின்றன.

ஆனால் இந்த நேர்மையான தராசுக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. அவர்களே தீவில் பெரும்பான்மை. சாரேமாவின் எஸ்தோனிய உழவர்கள் ஜெர்மானியப் பிரபுக்களின் பண்ணைகளோடு பிணைக்கப்பட்டவர்கள். நகர மன்றத்தில் பேசப்பட்ட மொழி ஜெர்மன். நகரக் குடி என்ற தகுதி சொத்தும் தொழிற்சங்க உறுப்புரிமையும் உடையவர்களுக்கே. ஓர் எஸ்தோனிய உழவர் சதுக்கத்துக்கு வந்தால், பெரும்பாலும் பண்ணையாரின் தானிய வண்டியை ஓட்டிக்கொண்டோ சந்தையில் தன் மிச்சத்தை விற்கவோதான் வந்திருப்பார். சாரேமா உட்பட்டிருந்த லிவோனிய மாகாணத்தில் பண்ணையடிமை முறை 1819இல்தான் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் நிலம் பண்ணையாரிடமே இருந்தது. ஆகவே நகர உரிமை என்ற சொல்லைப் பெருமையோடு சொல்லும்போது, அது ஊருக்குள் சிலருக்குக் கிடைத்த உரிமை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சதுக்கத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. தராசின் முன்னால் நின்ற மனிதர்களில் பாதிப்பேரைப் பற்றிப் பேசாமல் தராசைப் பற்றிப் பேச முடியாது.

நகர மன்றம் முடிந்து நாற்பது ஆண்டுகளில் பேரழிவு வந்தது. ஸ்வீடனும் ருஷ்யாவும் மோதிய பெரும் வடபோரின் போது, 1710இல், ருஷ்யப் படை நகரத்தைப் பிடித்தது. அதே ஆண்டு கொள்ளைநோய் தீவைச் சூறையாடியது. ஊர் தீக்கிரையானது. பட்டயம் இருந்தது, அதைப் பயன்படுத்த ஆட்கள் இல்லை. 1721இன் நிஸ்டாட் உடன்படிக்கை சாரேமாவை ருஷ்யப் பேரரசோடு முறைப்படி சேர்த்தது. ஆனால் பேரரசு, இங்கிருந்த ஜெர்மானியப் பிரபுக்களின் பழைய சலுகைகளைக் கைவைக்காமல் விட்டது. எஸ்தோனியா, லிவோனியா, கூர்லாந்து ஆகிய பெரும் பகுதிகளைப் போலவே இந்தத் தீவுக்கும் தனியாக ஒரு பிரபுக்கள் சபை இருந்தது. அந்தச் சபையின் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் சதுக்கத்திலிருந்து கோட்டைத் தெரு தொடங்கும் இடத்தில் நிற்கிறது. தீவின் நிலம் யாருக்கு என்பதை முடிவு செய்த இடம் அதுதான். நகர மன்றம், எடைக்கூடம், பிரபுக்கள் சபை என்ற மூன்றையும் சில நிமிட நடையில் சுற்றிவந்துவிடலாம். சட்டமும் வணிகமும் நிலமும் இவ்வளவு நெருக்கமாக ஒட்டி நின்ற இடங்கள் பெரிய நகரங்களில் கூடக் குறைவு.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல்தசார் ஃபொன் காம்பன்ஹவுசன் தீவின் நிர்வாகத் தலைவராக இருந்தபோது ஊர் மறுபடியும் எழுந்தது. கோட்டைத் தெருவில் 1790இல் கட்டி முடிக்கப்பட்ட தூய நிக்கோலஸ் தேவாலயமும், சதுக்கத்தைச் சூழ்ந்த பல செவ்வியல் பாணி வீடுகளும் அந்த மீட்சியின் அடையாளங்கள். 1840இல் கடற்சேற்றுக் குளியல் மருத்துவ நிலையம் தொடங்கப்பட்ட பிறகு, எடை போடும் ஊர் என்பது போய், ஓய்வுக்கு வரும் ஊர் என்ற பெயர் வந்தது. மணல் நிறைந்து ஆழம் குறைந்த அதன் துறைமுகம் நீராவிக் கப்பல்களின் காலத்துக்கு ஏற்றதாக இல்லை. பெரிய வணிகம் ரீகாவுக்கும் தாலினுக்கும் போய்விட்டது. சதுக்கத்தின் பழைய கட்டடங்கள் இடிபடாமல் தப்பியதற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன். செழித்த ஊர்கள் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் சிறிய மன்றங்களை இடித்துப் பெரியவற்றைக் கட்டின. குரெஸ்ஸாரேக்கு அந்தப் பணம் இல்லை.

இரண்டாவது காரணம் மிகவும் கொடியது. 1918இல் எஸ்தோனியா விடுதலையை அறிவித்து, 1920இல் தார்த்து உடன்படிக்கையின் மூலம் சோவியத் ருஷ்யாவின் ஒப்புதலையும் பெற்றது. அதற்காக நடந்த விடுதலைப் போரில் இறந்தவர்களுக்காகச் சிற்பி அமாந்துஸ் ஆதாம்சன் வடித்த நினைவுச்சின்னம் 1928இல் சதுக்கத்தில், நகர மன்றத்தின் அருகே நிறுவப்பட்டது. சோவியத் ஆட்சி அதை அகற்றியது. போருக்குப் பின் சாரேமா முழுவதும் எல்லைப் பாதுகாப்பு மண்டலமாக்கப்பட்டு, எஸ்தோனியாவின் பிற பகுதிகளிலிருந்து வருகிறவர்கள்கூட அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாத நிலை ஏற்பட்டது. நகரத்தின் பெயரே 1952இல் பறிக்கப்பட்டது; தீவில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் விக்தர் கிங்கிசெப்பின் பெயரால் அது 1988 வரை அழைக்கப்பட்டது. கரையோரம் கம்பிவேலி, கடலுக்குப் போக மீனவருக்கும் தடை, உறவினரைப் பார்க்க வரவும் விண்ணப்பம் என்று அந்தத் தலைமுறை வாழ்ந்தது. அதே மூடலால்தான் பெருந்தொழிற்சாலைகளும் அவற்றுக்கான பெரும் குடியிருப்புகளும் இந்தப் பழைய மையத்தை விழுங்கவில்லை என்பதும் உண்மை. கட்டடங்கள் பிழைத்ததைக் கொண்டு அந்தக் காலத்தை யாரும் நியாயப்படுத்திவிடக் கூடாது. பிழைத்த சுவர்களுக்குள் வாழ்ந்தவர்கள் கொடுத்த விலை அது.

கட்டடங்கள் பிழைக்காத ஊர்களோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். எஸ்தோனியாவின் கிழக்கெல்லை நகரமான நார்வாவில் 1668 தொடங்கி 1671க்குள் கட்டிய பரோக் நகர மன்றம் ஒன்று இருக்கிறது. அதைச் சூழ்ந்திருந்த பழைய நகரம் 1944இல் அழிந்து, மீண்டும் கட்டப்படாமலே போனது. மன்றம் மட்டும் சீரமைக்கப்பட்டு, தான் ஆண்ட தெருக்கள் இல்லாத வெளியில் நிற்கிறது. வட எஸ்தோனியாவின் ரக்வேரே நகரத்துக்கு 1302இலேயே, குரெஸ்ஸாரேக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னரே, நகர உரிமை கிடைத்தது. பின்னர் போர்களில் அழிந்து, பண்ணையார்களின் உடைமையாகி, உரிமையையும் இழந்தது. அதன் இன்றைய மையச் சதுக்கம் 2004இல் துணிச்சலான புது வடிவில் அமைக்கப்பட்டது. இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் வளர்ந்த ஊர் அது என்பதால், மிதிவண்டியோடு நின்று இசை கேட்கும் சிறுவனின் சிலையும் அங்கே உண்டு. லாத்வியாவோடு எல்லையைப் பகிரும் வல்காவில் 2018இல் ஒரு புதிய மையச் சதுக்கம் திறக்கப்பட்டது. மக்கள்தொகை சுருங்கிவரும் சிறு நகரங்கள் தங்கள் நடுவை மீட்டெடுக்கச் செய்யும் இந்த முயற்சிகள் பாராட்டத்தக்கவை. குரெஸ்ஸாரே அவ்வாறு கற்பனை செய்து பார்க்க வேண்டிய தேவை இல்லாத ஊர். அதன் நடு அதன் இடத்திலேயே இருந்துவந்திருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு வழி எளிது. தாலினிலிருந்து பேருந்தில் ஏறினால், விர்த்சு துறையில் பேருந்தே படகில் ஏறிக்கொள்ளும். அரை மணி நேரத்துக்குள் மூஹு தீவின் குயிவாஸ்து துறை வந்துவிடும். மூஹுவையும் சாரேமாவையும் கடலின் குறுக்கே 1896இல் போட்ட அணைச்சாலை இணைக்கிறது. மொத்தம் நான்கு மணி நேரப் பயணம். கோடையில் பதினெட்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். பின்மாலையின் சாய்ந்த வெயிலில்தான் முகப்புகளின் செதுக்கு வேலைப்பாடு நன்றாகத் தெரியும். எடைக்கூடத்தை ஒட்டிய சிறு சந்தையில் ஜூனிப்பர் மரத்தில் கடைந்த வெண்ணெய்க் கத்திகள், டோலமைட் மெழுகுவர்த்தித் தாங்கிகள், கம்பளிப் பின்னல்கள், புகையூட்டிய மீன், தேன் ஆகியவற்றைக் கோடை முழுவதும் விற்கிறார்கள். மரக்கத்தியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். மிளகும் பிசினும் கலந்தாற்போன்ற அந்த மணம் ஆண்டுக்கணக்கில் போகாது. குளிர்காலத்தில் வெளிச்சம் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் பயணிகள் இல்லாத அந்த மாதங்களில் சதுக்கம் உள்ளூர்க்காரர்களுடையதாக இருக்கிறது. எடைக்கூடத்தில் பல்லாண்டுகளாக உணவகம் நடப்பதால் உள்ளே போய் உட்கார்ந்து அந்தத் தடித்த சுவர்களைத் தொட்டுப் பார்க்கலாம். நகர மன்றத்தில் பயணிகளுக்கான தகவல் மையம் இருக்கிறது. எடைக்கூடத்தில் தொடங்கி, மன்றத்தின் வாயிலைப் பார்த்து, பிரபுக்கள் சபைக் கட்டடத்தைக் கடந்து, கடைசியாகக் கோட்டைக்குப் போவதே சரியான வரிசை என்பது என் கருத்து. கோட்டையை முதலில் பார்த்தவருக்கு மற்றவை சிறியனவாகத் தோன்றிவிடும்.

அகற்றப்பட்ட ஆதாம்சனின் நினைவுச்சின்னம், விடுதலை மீளும் தறுவாயில், 1990இல் மீண்டும் சதுக்கத்துக்கு வந்தது. அதே காலத்தில் நகரமும் தன் பெயரையும் தன்னாட்சியையும் திரும்பப் பெற்றது. ஆனால் அந்தத் தன்னாட்சி நீடிக்கவில்லை. 2017இல் எஸ்தோனியா முழுவதும் நடந்த நிர்வாகச் சீர்திருத்தத்தில், சாரேமாவின் பன்னிரண்டு உள்ளாட்சி அமைப்புகள் ஒன்றாக்கப்பட்டு, பரப்பளவில் நாட்டிலேயே பெரிய உள்ளாட்சியாக சாரேமா உருவானது. குரெஸ்ஸாரே நகரமும் அதில் அடங்கிவிட்டது. மாவட்ட ஆட்சி அலுவலகங்களும் அதையடுத்து நாடெங்கும் கலைக்கப்பட்டன. 30,000 பேருக்குச் சற்று மேல் வாழும் ஒரு தீவுக்குப் பன்னிரண்டு மன்றங்கள் தேவையில்லை என்ற வாதத்தில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. பள்ளிகளையும் சாலைகளையும் நடத்த ஒரே பெரிய அமைப்பு வசதியானது என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் 1563இல் ஒரு பட்டயத்தோடு தொடங்கி, டென்மார்க், ஸ்வீடன், ருஷ்யா என்று மாறிமாறி வந்த ஆட்சிகளுக்குக் கீழும் ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்த நகரத்தின் தனி மன்றம், விடுதலை பெற்ற நாட்டின் சொந்தச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. இன்று குரெஸ்ஸாரேயின் தெருவிளக்கையும் சந்தைக் கட்டணத்தையும் பற்றி முடிவெடுப்பது தீவு முழுவதுக்கும் பொதுவான மன்றம்.

சதுக்கத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களில் ஒவ்வொன்றாகப் பொது அலுவல்கள் குறைந்து, பயணிகளுக்கான கடைகளும் உணவகங்களும் இடம் பிடித்துக்கொண்டே போகின்றன. கோடையின் மூன்று மாதங்களுக்கு அது நல்ல வருவாய். ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவர் வரி, உரிமம், வழக்கு, சந்தை என்று தன் சொந்த வேலையாகச் சதுக்கத்துக்கு வர வேண்டிய காரணங்கள் மீந்திருக்க வேண்டும் என்பதே இங்கே பாதுகாக்கப்பட வேண்டிய முதன்மையான பொருள். புதிய பொது மன்றம் தன் கூட்டங்களையும் மக்களை நேரில் சந்திக்கும் அலுவல்களையும் நகரின் விளிம்பில் கட்டப்படும் அலுவலகங்களுக்குக் கொண்டுபோகாமல் பழைய மையத்திலேயே வைத்துக்கொண்டால், 1670இன் வாயில் தொடர்ந்து ஒரு வாயிலாகவே பயன்படும்.